சரியான ஜன்னலில் ஒரு கையெழுத்து

லண்டனில இருக்கிற எங்கட ஆக்கள் பைல் இல்லாமல் வீட்டை விட்டு வெளிக்கிடுறதில்லை எண்டது எல்லாருக்கும் தெரிஞ்ச விசயம். கலியாணவீட்டுக்குப் போனாலும் காரின்ர பின்சீற்றில ஒரு பைல் கிடக்கும். பிறப்புச் சான்றிதழ், கவுன்சில் வரிக் கடிதம், ஆறு பாஸ்போட் சைஸ் படம், எல்லாத்துக்கும் மும்மூண்டு போட்டோக்கொப்பி. எவன் எப்ப என்னத்தைக் கேப்பான் எண்டு ஆருக்குத் தெரியும்?

என்ர அக்கா செல்வமலரின்ர மனுசன் பாலேந்திரா அத்தான் இந்தக் கலையில வித்துவான். ஜேர்மனியில எட்டு வருசம் வரிசையில நிண்டார், பேந்து லண்டன் மனோர் பார்க்குக்கு வந்து இங்கத்தைய வரிசைகளில நிண்டார். ஒரு கடிதம் வந்தால் வாசிக்க முதல் அதில குத்தியிருக்கிற சீலை விரலால தடவிப் பாப்பார்.

அத்தானுக்கு இங்கிலீசு படிப்பிச்சது பள்ளிக்கூடமில்லை, ரீவி. மத்தியானத்தில போற ஒரு ஆஸ்பத்திரித் தொடர். அதில வந்த அழகான டொக்டரையும் நேர்ஸையும் அவர் ஏறெடுத்தும் பாக்கயில்லை. ஜன்னலுக்குப் பின்னால குந்தியிருந்து கிழமைக்கு ரெண்டு வசனம் பேசுற ஒரு கிளாக்கர் வருவார். நடிகரின்ர பேர் லெஸ்லி பிறாம்ரன். இந்தாள் கதைக்கிறதுதான் வெளியில உதவும் எண்டு கண்டுபிடிச்ச அத்தான், அவற்ற வசனம் அவ்வளவையும் எண்பது பக்கக் கொப்பியில தமிழ் எழுத்தில எழுதிப் பாடமாக்கினார். முதல் பக்கத்தில முதல் வசனம், தமிழில சொன்னால்: "சரியான ஜன்னலில் வாங்கினால்தான் செல்லும், ஐயா." அந்தக் கொப்பியாலதான் நான் இந்த நாட்டில வாய் திறந்தனான் எண்டு அவர் கண்கலங்கினதை நானே கண்டிருக்கிறன்.

2009இல லண்டனில ஒரு புதுப் பழக்கம் தலையெடுத்திருந்தது. பழைய தொடர்களில நடிச்ச ஆக்களை ஹோட்டல் மண்டபத்தில இருத்துவினம்; சனம் ரிக்கற் எடுத்து வரிசையில போய்க் கையெழுத்து வாங்கும். பிரேதமா நடிச்சவருக்கும் ரசிகர்கள் இருந்தினம். வெள்ளைச் சீலையால போத்திக்கொண்டு வந்தினம். லெஸ்லி பிறாம்ரனுக்கு எண்பத்தொரு வயசு, இதுதான் அவர் வாற கடைசித் தடவை எண்டு நோட்டீசைக் கண்டதும் அத்தானுக்கு ரெண்டு நாள் நித்திரையில்லை. கொப்பியில அந்தாளின்ர கையெழுத்து விழவேணும், அவ்வளவுதான். காவலுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

வாசலில டொலறஸ் எண்டொரு அம்மா. கழுத்தில தொங்கின அட்டையில 'கையெழுத்து ஒருங்கிணைப்பு அதிகாரி'. கதாநாயகர்களுக்குச் சிவப்பு வரிசை, வில்லன்களுக்கு நீலம், 'ஏனையோருக்கு' சாம்பல். ஏனையோருக்கு மேசை காணாதாம்; கோட்டுகள் வைக்கிற அறையின்ர ஜன்னலில குடுப்பினமாம். ஜன்னல் எண்டதும் அத்தானின்ர முகம் மலர்ந்துது. பேந்து டொலறஸ் விலாச அத்தாட்சி கேட்டா. மண்டபத்தில ஒருத்தரிட்டயும் இல்லாத சாமான். அத்தான் மூண்டு எடுத்து நீட்டினார், மூலப்பிரதியோட. எங்களுக்குக் கிடைச்ச துண்டு, சாம்பல் 41.

முன்னால நிண்ட நாப்பது பேரும் பிரேதத்தைப் பாக்க வந்த ஆக்கள். பிரேதமோ ஒவ்வொருத்தரோடயும் குசலம் விசாரிச்சுக்கொண்டிருந்தார். ரெண்டு மணித்தியாலம் போச்சுது. எனக்குக் கால் விறைச்சு, எரிச்சல் தலைக்கு ஏறிப்போச்சு. அப்பதான் அத்தான் தற்செயலாத் திரும்பிப் பாத்து அப்பிடியே நிண்டிட்டார்.

எங்களுக்குப் பின்னால, மழைக்கோட்டோடயும் ஒரு தேத்தண்ணிப் பிளாஸ்கோடயும், லெஸ்லி பிறாம்ரன்.

ஏன் ஐயா வரிசையில நிக்கிறியள் எண்டு கேட்டன். கதையில அந்தக் கிளாக்கர் லிப்ற் விழுந்து செத்துப்போனாராம். தொடரின்ர பதிவைப் பாத்து விருந்தினர் பட்டியல் எழுதின புண்ணியவான், அவற்ற பேருக்கு நேர 'காலமானார்' எண்டு போட்டிட்டான். காலமானவருக்கு அட்டை இல்லை. அட்டை இல்லாமல் ஜன்னலுக்குப் பின்னால போகேலாது. அட்டை வாங்கிறதும் அதே ஜன்னலிலதான். அவருக்குச் சாம்பல் 42. அவர் குறை சொல்லயில்லை. வரிசை ஒழுங்கா இருக்குது எண்டு பாராட்டினார்.

அத்தான் கொப்பியைக் காட்டினார். ஒவ்வொரு வசனமா வாசிச்சும் காட்டினார். கிழவன் கேட்டுக்கொண்டே இருந்தார். ஐம்பது வருசத்தில தன்ர வசனத்தை ஒருத்தரும் எழுதி வைக்கயில்லை எண்டார். கண் நிரம்பியிருந்தது. கோட்டுக்குள்ள கைவிட்டு, பேனையை எடுத்து, கொப்பியை வாங்கக் கை நீட்டினார்.

அத்தான் கொப்பியைப் பின்னால இழுத்திட்டார்.

எனக்கு வந்த கோவம். "அத்தான், குடுங்கோ. ஆளும் நிக்கிறார், பேனையும் இருக்குது."

"உனக்கு விளங்காது, றமணன். ஜன்னலில வாங்காமல் வரிசையில வாங்கினது எண்டு நாளைக்கு ஆரும் பிடிச்சால்? சீல் எங்க?"

பேந்து கிழவனின்ர பக்கம் திரும்பி, நெஞ்சில கை வைச்சு, அதே இங்கிலீசில, கிளாக்கரின்ர மூக்கால வாற அதே குரலில சொன்னார்: "சரியான ஜன்னலில் வாங்கினால்தான் செல்லும், ஐயா."

லெஸ்லி பிறாம்ரன் நீட்டின கையை மடக்கினார். பேந்து பேனையை மூடினார். "பிழை என்னிலதான். நல்லாப் படிப்பிச்சுப்போட்டன்."

அஞ்சு மணிக்கு, 39ஆம் நம்பரோட ஜன்னலைச் சாத்திப்போட்டினம். டொலறஸ் மனம் இரங்கி ஆளுக்கொரு துண்டு எழுதித் தந்தா: 'மேற்படி 41ஆம் இலக்கத்தார் லெஸ்லி பிறாம்ரனின் கையெழுத்தைப் பெறும்பொருட்டுச் சமுகமளித்தார். கையெழுத்துப் பெறப்படவில்லை.' கீழ வட்டமா ஒரு ஊதாச் சீல். 42ஆம் இலக்கத்தாருக்கும் எழுத்துப் பிசகாமல் அதே துண்டுதான். அந்தாள் அதை நாலா மடிச்சுப் பொக்கற்றுக்குள்ள வைச்சு, எங்களுக்குக் கை தந்திட்டு மழைக்குள்ள பஸ்ஸுக்கு நடந்தார். அத்தான் விம்மி விம்மி அழுதார். அழுதுகொண்டே விரலால சீலைத் தடவிப் பாத்தார்.

இப்ப அந்தத் துண்டு மனோர் பார்க் வீட்டு ஹோலில, சாமிப்படத்துக்குப் பக்கத்தில கண்ணாடி போட்டுத் தொங்குது. கொப்பி எங்க கிடக்குதெண்டு ஒருத்தரும் கேக்கிறதில்லை. லெஸ்லி பிறாம்ரன் ஆரெண்டும் கேக்கிறதில்லை. வாற ஆக்கள் எல்லாம் கிட்டப்போய்க் குனிஞ்சு பாத்திட்டு, சீல் ஒறிஜினலோ எண்டுதான் கேக்கினம். விசர்ச் சனம் எண்டு நான் மனதுக்குள்ள திட்டுறனான்.

என்ர பைலில அந்தத் துண்டின்ர மூண்டு போட்டோக்கொப்பி இருக்குது. எவன் எப்ப என்னத்தைக் கேப்பான் எண்டு ஆருக்குத் தெரியும்?