மைலேஜ் தகடு

எளாவூர் சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம், மூடிக்கிடக்கும் எடைமேடைக்கு எதிரே இருக்கும் பொட்டலில் ஞாயிற்றுக்கிழமை வந்தால் திருவிழா. தேர் கிடையாது, கூழ் கிடையாது. வண்டிகள் மட்டும்தான். அத்திப்பட்டிலிருந்து சாம்பல் ஏற்றும் லாரி, சிப்காட்டில் கம்பி ஏற்றும் மினி லாரி, ஆந்திரா நம்பர் போட்ட மீன் வண்டி, ஷேர் ஆட்டோக்கள், எண்ணி முடியாத பைக்குகள். எல்லாம் டேங்க் மூடியைக் கழற்றிவிட்டு, பல் டாக்டரிடம் வந்தவர்களைப் போல வாயைத் திறந்துகொண்டு வரிசையில் நின்றன.

வைத்தியர், ஸ்ரீலஸ்ரீ எரிபொருள் சித்தர். இமயமலையில் பன்னிரண்டு வருஷம் தவம் இருந்தவர் என்று பேனரில் போட்டிருந்தது. சூளூர்ப்பேட்டையில் பன்னிரண்டு வருஷம் கடை வைத்திருந்தவர் என்று சிலர் சொன்னார்கள். பேனரில் போட்டிருப்பதைத்தானே ஜனங்கள் நம்புவார்கள்? "உங்கள் டேங்கில் சனியா? ஒரே மண்டலத்தில் மைலேஜ் கூடும்!" என்று இரண்டு ஆள் உயரத்துக்கு எழுதியிருந்தது. கூடாவிட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா என்பதை மட்டும் எழுத இடம் போதவில்லை போலிருக்கிறது.

சித்தர் ஒவ்வொரு டேங்கின் மேலும் எலுமிச்சம்பழத்தைச் சுற்றுவார். கற்பூரத்தை மட்டும் ஐம்பது அடி தள்ளி ஏற்றச் சொல்வார். திறந்த பெட்ரோல் டேங்க் பக்கத்தில் நெருப்பு ஆகாது என்கிற அளவுக்கு அவரிடம் பகுத்தறிவு இருந்தது.

பெட்ரோல் விலை ஏன் ஏறுகிறது என்பதற்கும் அவரிடம் விளக்கம் இருந்தது. ஒருமுறை ஜெகன் என்கிற ஆட்டோக்காரன் வாயைக் கொடுத்தான்.

"சாமி, பெட்ரோல் வெலைல பெரும்பங்கு வரின்றானுங்களே, அத்தக் கொறச்சா போதாதா? சனி இன்னா பண்ணுவான்?"

"மகனே, வரி என்பது போன பிறவியில் நீ கட்டாமல் விட்ட பாக்கி" என்றார் சித்தர்.

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. வரி போடுகிறவர்கள் கேட்டிருந்தால் சித்தருக்கு மாதச் சம்பளமே கொடுத்திருப்பார்கள்.

அந்தக் கூட்டத்தில் எல்லோரையும்விடப் பக்தியாக நின்றவன் பச்சையப்பன். கும்மிடிப்பூண்டி ரயிலடியில் காலை ஷிப்டுக்கு இறங்கும் பெண்களை சிப்காட் கேட் வரை கொண்டுபோய் விடும் ஆட்டோ அவனுடையது. நல்ல மனுஷன். ஆனால் இரண்டு மாதத்துக்கு முன்னால் அவனுக்குப் போதாத காலம். பெட்ரோல் விலை ஏறிக்கொண்டே போக, தலைக்குப் பதினைந்து ரூபாய் வாங்கியவன் ஒருநாள் இருபது என்று சொல்லிப் பார்த்தான். ஆறு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டிபன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தே போய்விட்டார்கள். "எங்க சம்பளம் இன்னா ராத்திரியோட ராத்திரியா ஏறுதா அண்ணே?" என்று அவர்களில் ஒருத்தியான ஏஞ்சலின் திரும்பிப் பார்த்துக் கேட்டது அவன் நெஞ்சில் தைத்துவிட்டது. ஏற்றினால் சவாரி இல்லை, ஏற்றாவிட்டால் சாப்பாடு இல்லை. அந்த நேரத்தில்தான் சித்தர் கண்ணில் பட்டார்.

சித்தர் ஒரு செப்புத் தகட்டை மஞ்சள் துணியில் சுருட்டி, சிவப்பு நூல் கட்டி, ஐந்நூற்றொரு ரூபாய்க்குக் கொடுத்தார். சீட்டுக்கு அடியில் டேங்க் ஓரமாகக் கட்ட வேண்டும். பிரித்துப் பார்த்தால் கண் போய்விடும். அதோடு நாற்பத்தெட்டு நாளைக்குப் பஞ்ச நேமம்.

"விடியலில் வாயு பகவானைத் தரிசி" என்றார். வாரம் ஒருமுறை, டயர் சூடாகும் முன்னால் காற்றுச் சரிபார்க்க வேண்டும் என்று அர்த்தம். வண்டி நிற்கிற இடத்தில் அக்னி பகவானைத் தூங்கவிட வேண்டும். அதாவது ரயில்வே கேட்டிலும் ஸ்டாண்டிலும் இன்ஜினை அணைத்துவிட வேண்டும். நாற்பதைத் தாண்டி வேகம் கூடாது. பிரேக் மேலேயே கால் வைத்துக்கொண்டு ஓட்டினால் பாத தோஷம். மாதம் ஒருமுறை ஏர் ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய்வது மூச்சுச் சுத்தி. இதில் ஒன்று தவறினாலும் தகடு வேலை செய்யாது.

பச்சையப்பன் ஒன்றும் தவறவில்லை. கேட் போட்டிருக்கும்போது மற்ற வண்டிகள் உறுமிக்கொண்டிருக்க, அவன் ஆட்டோ மட்டும் மௌன விரதம் இருந்தது. பஸ்ஸும் லாரியும் ஆரன் அடித்துத் திட்டினாலும் நாற்பதைத் தாண்டவில்லை. தினமும் சீட்டைத் தூக்கித் தகட்டுக்குப் பூ வைத்து, மூன்று முறை கும்பிட்டுவிட்டுத்தான் சாவியைத் தொடுவான்.

ஆச்சரியம் என்னவென்றால், பலித்துவிட்டது. லிட்டருக்கு இருபத்திரண்டு கொடுத்த ஆட்டோ இருபத்தேழு கொடுத்தது. கட்டணத்தைப் பழையபடி பதினைந்துக்கு இறக்கினான். பெண்கள் திரும்பி வந்தார்கள். பச்சையப்பனுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ஸ்டாண்டில் இருந்த பாதிப் பேரைச் சித்தரிடம் அழைத்துப்போனவன் அவன்தான். மைலேஜ் ஏறாமல் போனது ஜெகனுக்கு மட்டும். அவன் ரேஸ் குதிரை மாதிரி ஓட்டுகிறவன். "நேமம் தப்பிட்ட பாவி!" என்று சித்தர் அவனை எல்லோர் முன்னாலும் வைத்து வாங்கினார்.

அதோடு நின்றிருந்தால் கதை வேறு. மண்டலம் முடிகிற வாரம் சித்தர் அடுத்த அஸ்திரத்தை எடுத்தார். தங்கத் தகடு! செம்பு ஐந்து கிலோமீட்டர் ஏற்றினால் தங்கம் எவ்வளவு ஏற்றும்? நாற்பது வரை போகுமாம். பக்தர்கள் வீட்டில் இருக்கும் பொட்டுத் தங்கத்தைக் கொண்டுவந்தால் போதும், உருக்கித் தகடாக்கித் தருவது சித்தரின் பொறுப்பு.

பச்சையப்பன் வீட்டில் இருந்த பொட்டுத் தங்கம் அவன் மனைவி கல்பனாவின் காதில் இருந்தது. அரை சவரன் கம்மல். சிப்காட்டில் ஒரு பெயிண்ட் கம்பெனியில் சரக்கைச் சோதித்துப் பார்க்கும் பிரிவில் வேலை செய்கிறாள். முதல் போனஸில் அவளே வாங்கிப் போட்டுக்கொண்டது. அதைக் கேட்க அவனுக்கு நாக்கு எழவில்லை. இரண்டு நாள் அவள் காதையே பார்த்துக்கொண்டு சுற்றினான்.

"இன்னாய்யா, காதுல எதுனா பூச்சி உக்காந்துகினு கீதா?" என்று கேட்டேவிட்டாள்.

"இல்லமே... அந்தக் கம்மலு..." என்று இழுத்து, ஒருவழியாகச் சொல்லி முடித்தான்.

அவள் கத்துவாள் என்று நினைத்தான். கத்தவில்லை. அடுப்பில் இருந்த தோசையைத் திருப்பிப் போட்டாள். அவள் முகம் வாடியதைப் பார்க்க அவனுக்குத் தன் மேலேயே வெறுப்பாக இருந்தது.

"அந்தத் தகடுதான் மைலேஜ் குடுக்குதுன்னு நீ நம்புற?"

"நம்புறது இன்னா? இருவத்தேழு குடுக்குதே, பாத்துகினுதானே கீற!"

"சரி. ஞாயித்துக்கெழம நானும் வரேன். கம்மல நானே என் கையால குடுக்கறேன். அதுக்கு முந்தி சாமியாண்ட ஒரு கேள்வி கேப்பேன். அவரு பதில் சொல்லட்டும்."

பச்சையப்பன் குளிர்ந்துபோனான். சித்தர் பதில் சொல்லாத கேள்வி உண்டா என்ன?

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நெரிந்தது. சித்தர் தன் வெள்ளை வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து, கண்ணாடியைப் பாதி இறக்கி அருள்பாலித்துக்கொண்டிருந்தார். வெயில் அப்படி. உள்ளே ஏசி. சீடன் வசந்தகுமார் தங்கத்துக்காக ஒரு வெள்ளித் தட்டை ஏந்தி நின்றான். அதில் ஏற்கெனவே இரண்டு மோதிரமும் ஒரு குழந்தை வளையலும் கிடந்தன.

பச்சையப்பன் கல்பனாவோடு வருவதைக் கண்டதும் சித்தர் முகம் மலர்ந்தது. "இவன் நம் முதல் பக்தன். இருபத்தேழு கண்டவன். சொல்லு மகனே, எல்லோரும் கேட்கட்டும்!"

"ஆமா சாமி, இருவத்தேழு!" என்றான் பச்சையப்பன். கூட்டம் கை தட்டியது.

கல்பனா ஆட்டோவின் சீட்டைத் தூக்கினாள். மஞ்சள் பொட்டலத்தை அவிழ்த்து எடுத்தாள்.

"அய்யோ, பிரிக்காதமே! கண்ணு பூடும்!" என்று பச்சையப்பன் பாய்ந்தான்.

அதற்குள் பிரித்துவிட்டாள். உள்ளே தகடு இல்லை. மடித்து வைத்த ஒரு காய்ச்சல் மாத்திரை அட்டை இருந்தது. அதுவும் காலி அட்டை.

"நீ கட்டின மறுநாளே மாத்திட்டேன்யா" என்றாள். "எங்க கம்பெனில ஒரு சரக்கு வேல செய்யுதான்னு பாக்கணும்னா, போட்டும் பாப்போம், போடாமயும் பாப்போம். நாப்பத்தாறு நாளா உன் வண்டி தகடு இல்லாமதான் ஓடுது. அதே இருவத்தேழு."

நாற்பத்தாறு நாளாகக் காலி மாத்திரை அட்டைக்குப் பூ வைத்துக் கும்பிட்டிருக்கிறோம் என்பது பச்சையப்பனுக்கு மெதுவாகத்தான் உறைத்தது.

"அப்ப... ஒரிஜினல் தகடு எங்கமே?"

"ஊட்ல, கேஸ் சிலிண்டர் கழுத்துல கட்டினேன். அதுவும் எரியற சாமான்தானே, அதுக்கும்தானே வெல ஏறிப்போச்சு? பத்து நாள் கூட வந்தா சாமிக்கு நானே மாலை போட்டிருப்பேன். வழக்கம்போல நாப்பதாவது நாள் புஸ்ஸுன்னு தீந்துபோச்சு!"

கூட்டத்தில் முதல் சிரிப்பு கேட்டது. சித்தர் கையை உயர்த்தினார்.

"அம்மா, பொருள் முக்கியம் இல்லை. நம்பிக்கைதான் முக்கியம். அவன் நம்பினான், பலன் கண்டான்."

"சரி சாமி, அதான் என் கேள்வியே. ஜெகன் அண்ணனும்தான் நம்புனாரு. அவர் வண்டில ஒரிஜினல் தகடே கீது. அவருக்கு ஏன் ஏறல?"

"நேமம் தப்பினான்!"

"ஆமாம்பா, அறுவதுல போனேன்னு மானத்த வாங்கிட்டாரே" என்றான் ஜெகன் பின்னாலிருந்து.

"தகடு கீது, நேமம் இல்ல, மைலேஜ் ஏறல. நேமம் கீது, தகடு இல்ல, மைலேஜ் ஏறிச்சு. அப்ப தகடு இன்னாத்துக்கு சாமி? அதுல தங்கம் வேற இன்னாத்துக்கு?"

பொட்டல் அமைதியானது. அந்த அமைதியில் ஒரே ஒரு சத்தம்தான் கேட்டது. சித்தர் உட்கார்ந்திருந்த வண்டியின் இன்ஜின். ஏசிக்காகக் காலையிலிருந்து அணைக்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

சாம்பல் லாரி ஓட்டும் எட்வர்டுக்குத்தான் அது முதலில் காதில் விழுந்தது. "சாமி! உங்க அக்னி பகவான் ரொம்ப நேரமா முழிச்சுகினே கீறாரே, தூங்கவிட வேணாமா?"

பிறகு பிடித்துக்கொண்டது சிரிப்பு. ஒரு சாமியாரை எதிர்த்துப் பேசினால் அவர் சாபம் கொடுப்பார். அடித்தால் தியாகி ஆவார். சிரித்தால் மட்டும் அவருக்குச் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

கல்பனா போனை எடுத்து ஒரு போட்டோவைக் காட்டினாள். ரயிலடி பக்கத்துப் பெட்ரோல் பங்கில், காற்றடிக்கும் மெஷினுக்குப் பின்னால் இருக்கும் பலகை. காக்கை எச்சத்துக்கு நடுவில் ஐந்து வரி. டயரில் காற்றைச் சரிபாருங்கள். நிற்கும்போது இன்ஜினை அணையுங்கள். சீரான வேகத்தில் செல்லுங்கள். பிரேக்கில் கால் வைத்தபடி ஓட்டாதீர்கள். ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்யுங்கள்.

"அடப்பாவி! நம்ம பங்க்ல ஓசில கீறத நம்மகிட்டயே ஐந்நூத்தியொன்னுக்கு வித்துட்டியா?" என்று ஜெகன் முன்னால் வந்தான்.

மோதிரக்காரரும் வளையலைக் கொடுத்த அம்மாவும் தட்டை நோக்கிப் பாய்ந்தார்கள். வசந்தகுமார் புத்திசாலி, தட்டை அப்படியே தரையில் வைத்துவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டான். சித்தரின் வண்டி ஆந்திர எல்லையை நோக்கிப் பறந்தது. நிச்சயமாக நாற்பதில் இல்லை. பேனரை எட்வர்ட் அவிழ்த்து லாரிக்குத் தார்ப்பாயாகக் கட்டிக்கொண்டான்.

எல்லோருக்கும் புத்தி வந்துவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். பைக்கில் வந்த ஒருவர் கல்பனாவிடம் மெல்ல நெருங்கி, "ஏம்மா, அந்த மாத்திர அட்ட எந்தக் கம்பெனிது?" என்று கேட்டார்.

திரும்பும் வழியிலும் பச்சையப்பன் நாற்பதைத் தாண்டாமல்தான் ஓட்டினான். அவமானம் பாதி, நிம்மதி பாதி. கண்ணாடியில் அவள் காதில் கம்மல் மின்னுவது தெரிந்தது.

"மறுநாளே மாத்திகினியே, அப்பவே சொல்லக் கூடாதா?"

"சொன்னா நேமத்தையும் சேத்து விட்டிருப்ப. பெட்ரோல் மிச்சமாவட்டும்னு வுட்டேன்."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஐந்து நேமத்தையும் அவன் இன்றுவரை விடவில்லை. ஆட்டோ இருபத்தேழுதான் கொடுக்கிறது. நாற்பதெல்லாம் எந்தத் தங்கமும் கொடுக்காது.

அன்று வீட்டுக்குப் போகிற வழியிலேயே பங்கில் வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைத்தான். பலகையைத் தேடிப் போய்ப் படித்தான். பத்து வருஷமாக அங்கேதான் காற்றடிக்கிறான். பக்கத்தில் இருந்த விலைப் பலகையைத் தினமும் பார்த்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டவன், இதை ஒருநாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை. பிறகு விலைப் பலகையையும் பார்த்தான். இந்த முறை நெஞ்சைப் பிடிக்கவில்லை.

"நைனா, இந்த வெலைல பெட்ரோலுக்கு எவ்ளோ, வரி எவ்ளோ?" என்று பெட்ரோல் போடுகிறவரைக் கேட்டான்.

அவர் குழாயைக் கையில் பிடித்தபடி அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "இத்தினி வருஷத்துல டேங்குக்கு எலுமிச்சம்பழம் சுத்துனவன் நூறு பேர பாத்துட்டேன். இத்தக் கேட்டவன் நீதான்பா மொத ஆளு."

நூறு பேர் பழம் சுற்றிக்கொண்டிருக்கும் ஊரில் விலை ஏற்றுகிறவர்களுக்கு என்ன கவலை? கேள்வி கேட்கிறவர்கள் நூறு பேரானால்தான் அவர்கள் பரிகாரம் தேடுவார்கள்.