உருளைக்கிழங்கு சின்னம்

இடைத்தேர்தல் வருகிறது என்றால் ஒருவர் போய்விட்டார் என்று அர்த்தம். வளைகுடாவில் நாங்கள் தங்கியிருந்த சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப்பில் போனவர் காசி அண்ணன். சாகவில்லை, விசாவைக் கேன்சல் செய்து ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். தமிழ் ஆட்களுக்காகக் கேம்ப் பாஸிடம் பேச நாங்கள் தேர்ந்தெடுத்திருந்த ஆள் அவர். சைட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஒரு டிரம் குடிதண்ணீர் வைக்கச் சொன்னார். அவ்வளவுதான் குற்றம். ஆகஸ்ட் மாதம், ஏசி இல்லாத பஸ். டிராஃபிக்கில் நின்றால் யாராவது மயங்கிச் சரிவார்கள்.

காலியான பதவிக்கு இருவரை நிறுத்தினார்கள். ஒருவர் கன்னியாகுமரி சேவியர். இன்னொருவன் நான். (நிறுத்தும்போது நான் குளித்துக்கொண்டிருந்தேன்.) ஜெயித்தால் என்ன நடக்கும் என்று இருவருக்கும் தெரியும். ஆகவே ரூம் ரூமாகப் போய் எனக்கு எதிராக நானே பிரசாரம் செய்தேன். என் ஆயுளிலேயே அதிகம் பேசிய வாரம் அது.

"அண்ணே, எனக்கு இந்தி வராது. பெரிய ஆளுங்களப் பாத்தா நாக்கு ஒட்டிக்கும். எனக்குப் போட்றாதீங்க."

"என்னா அடக்கம் பாத்தியா! இந்த மாதிரி ஆளுதான்டா வேணும்."

சேவியர் விவரமானவர். "எனக்குக் கோவம் வந்தா கை சும்மா கெடக்காது, பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவைத்தார்.

எனக்கு உருளைக்கிழங்கு சின்னம், அவருக்கு வெங்காயம். மெஸ் அண்டாவில் ஆளுக்கு ஒன்று போட வேண்டும். அண்டாவைக் கவிழ்த்தபோது உருளைக்கிழங்குகள் உருண்டு கட்டிலுக்கு அடியிலெல்லாம் போயின. (என் ஓட்டுகளை அன்றைக்கே பொரியல் செய்தார்கள்.) சேவியர் துக்கம் விசாரிப்பவர்போல என் கையைப் பிடித்தார்.

வெள்ளிக்கிழமை, மனப்பாடம் செய்த மூன்று இந்தி வாக்கியங்களோடு கேம்ப் பாஸ் அறைக்குள் போனேன். வெளியே வெயிலில் எல்லோரும் காத்திருந்தார்கள்.

"க்யா ஹை, பாய்?" என்ன விஷயம் என்று கேட்டார் கேம்ப் பாஸ்.

வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. மறுபடியும் திறந்தேன். அவருக்கே பாவமாகிவிட்டது போலிருக்கிறது; ஒரு கிளாஸ் ஐஸ் தண்ணீரை நீட்டினார். முழுவதையும் குடித்தேன். "தேங்க்யூ சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

"என்னப்பா, தண்ணி கேட்டியா?"

"குடுத்தாரு."

"பஸ்ஸுக்கா?"

"எனக்கு."

ஒருவரும் சிரிக்கவில்லை. சேவியர்தான் முன்னால் வந்தார். "நீ இங்கனயே நில்லு மக்கா" என்று சொல்லிவிட்டு அதே கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். அவர் குரல் எங்களுக்கு வெளியே கேட்டது.

அடுத்த வாரம் பஸ்ஸில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் டிரம் வந்தது. சேவியர் அந்த பஸ்ஸில் இல்லை. அவரையும் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த டிரம்மில் நானும் தினமும் தண்ணீர் பிடித்துக் குடித்தேன்.

இந்தக் கதையை வீட்டில் சொன்னது தப்பாகிவிட்டது. இன்றைக்கும் பேங்க், தாலுகா ஆபீஸ் என்று எங்கே கிளம்பினாலும் என் மனைவி வாசல்வரை வந்து சொல்கிறாள்: "போன காரியத்தக் கேளுங்க. தண்ணியக் குடிச்சிட்டு வந்துறாதீங்க."

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அவர்களுக்கு 'எனக்கு' என்று நான் சொன்ன இடம்வரைதான் கதை தெரியும்.