மாமியாருக்கு ஆறு ஆம்பியர்

"எங்கம்மா ஒரு மாசம் தங்கிட்டுப் போக வர்றாங்க" என்று மனைவி அறிவித்த அந்த நிமிடமே சபதம் எடுத்தேன். இந்த வருகையைத் தடுத்தே தீருவது! போன தடவை வந்தபோது நான் பல் தேய்க்கும் முறையையே மாற்றிவிட்டுப் போனவர் என் மாமியார்.

வேண்டாம் என்று நேரில் சொல்ல எனக்கென்ன பைத்தியமா? விஞ்ஞானத்தை விட்டுச் சொல்ல வைப்பதென்று முடிவு செய்தேன்.

மாமியாருக்கு மூட்டுவலி. இந்தக் குளிரில் ஹீட்டர் இல்லாமல் தூங்க மாட்டார். விருந்தாளிக்கென்று இருப்பதோ பின்னறை. அதன் ஃப்யூஸ் ஆறு ஆம்பியர்தான் தாங்கும். போதாதா?

மேல் வீட்டு எலக்ட்ரீஷியனிடம் ஒரு மீட்டரை இரவல் வாங்கி வந்தேன். எங்கள் படுக்கையறை ஹீட்டரை அதில் செருகிவிட்டு மனைவியைக் கூப்பிட்டேன்.

"இங்க பாரு. வோல்டேஜ் இருநூத்தி முப்பது. கரண்ட் பத்து ஆம்பியர். வகுத்தா இருபத்து மூணு ஓம். அதான் தடை."

"எங்கம்மா வர்றதுக்கா?"

"ஐயோ, ஹீட்டர் கம்பியோட தடை! இதுக்குப் பேரு ஓம் விதி."

"என் விதி எனக்குத் தெரியும். மேல சொல்லுங்க."

"அடுத்தது பவர். அதுக்கு ரெண்டையும் பெருக்கணும்."

"நீங்க பெருக்கி நான் பார்த்ததே இல்லையே!"

பல்லைக் கடித்துக்கொண்டு பெருக்கிக் காட்டினேன். "ரெண்டாயிரத்து முன்னூறு வாட். பின் ரூம் தாங்கறது வெறும் ஆயிரத்து முன்னூத்தி எண்பது. ஹீட்டரைப் போட்டா ஃப்யூஸ் பட்டுனு போயிடும். பாவம் அத்தை, இருட்டுல, குளிர்ல..." குரலை முடிந்தவரை தழுதழுக்க வைத்தேன்.

மனைவி மீட்டரையே உற்றுப் பார்த்தாள். எனக்குள் மேளம் கொட்டியது.

"இந்த ரூம் ஃப்யூஸ் எவ்வளவு?"

"பதினாறு." பாழாய்ப்போன வாய் முந்திக்கொண்டது.

"அப்போ மூவாயிரத்து அறுநூத்தி எண்பது. தாராளமாத் தாங்குமே!" நான் கால்குலேட்டரை எடுப்பதற்குள் மனக்கணக்கிலேயே சொல்லிவிட்டாள். "ஏங்க, தூங்கப் போறப்ப உங்களுக்கு என்னென்ன வேணும்?"

"எனக்கா? ஒரு பல்பு. போன் சார்ஜர்."

"பத்தும் இருபதும் முப்பது வாட். கால் ஆம்பியர்கூட வரலை. பின் ரூம் உங்களுக்குன்னே கட்டின மாதிரி இருக்கு!"

"அதில்ல... அந்த ஜன்னல் சரியா மூடாது..."

"அத்தை குளிர்ல கஷ்டப்படக் கூடாதுன்னு குரலே கம்மிப் போச்சே உங்களுக்கு. என்ன மனசு!" அதற்குள் போன் அவள் காதில். "அம்மா, மாப்பிள்ளையே கணக்குப் போட்டுத் தன் ரூமைக் குடுத்துட்டாரும்மா! நீயும் நானும் இங்கயே படுத்துக்கலாம்."

மறுமுனையில் மாமியார் நெகிழ்ந்து மூக்கைச் சிந்தும் சத்தம் எனக்கே கேட்டது. இனி எந்த முகத்தோடு பின்வாங்குவது?

துடைப்பத்தை என் கையில் கொடுத்தாள். "போய்ப் பெருக்குங்க."

பின்னறையைப் பெருக்கினேன். ஜன்னல் இடுக்கில் பழைய செய்தித்தாளைத் திணித்தேன். ஒற்றைக் கட்டிலில் இரண்டு கம்பளிகளை விரித்தேன். போகட்டும், ஒரு மாதம் தொந்தரவில்லாமல் தனியாகவாவது கிடப்போம் என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்தபோது மனைவி எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, எங்கப்பாவும் கூட வர்றாராம். கட்டில்ல கொஞ்சம் ஒதுங்கிப் படுத்துக்குங்க."