முன்னால் மழைக்கு, பின்னால் பனிக்கு

‘சக்கரமும் சாலையும்’ மாத இதழின் ஆசிரியர் அவர்களுக்கு,

ஹௌகிலம்பி ஊரிலிருந்து ஓய்வுபெற்ற நில அளவையாளர் வெய்க்கோ ஹுட்டினென் மிகுந்த மரியாதையுடன் எழுதுவது. நானும் மனைவி ரைலியும் சுகம். தாங்களும், உறைந்த ஏரியில் நாள் முழுக்க டயர்களைச் சோதிக்கும் தங்கள் ஆட்களும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். எங்கள் காரின் முன்பக்கம் சுகமில்லை. அதற்குத் தாங்களே பொறுப்பு. ஆகவே என் சந்தாவை இன்றோடு நிறுத்திவிடவும்.

அக்டோபர் இதழில் வேகக் கார்களுக்கான குளிர்கால டயர்களை ஒப்பிட்டு ஓர் அட்டவணை போட்டீர்கள். ஈரச் சாலையில் முதலிடம் பிடித்தது பனியில் கடைசி, பனியில் முதலிடம் பிடித்தது ஈரத்தில் கடைசி. ‘அவரவர் தேவைக்கேற்பத் தேர்ந்தெடுக்கவும்’ என்று எழுதிவிட்டு நீங்கள் காபி குடிக்கப் போய்விட்டீர்கள். நான் எங்கே போவது? நவம்பர் கடைசிச் சனிக்கிழமை என் ஒரே மகள் சானாவுக்குக் கல்யாணம். அவளை என் காரில் நான்தான் தேவாலயத்துக்கு அழைத்துப் போக வேண்டும். தேவாலயம் குன்றின் மேல் இருக்கிறது. நவம்பரில் இங்கே அடிவாரத்தில் மழை பெய்யும்போதே உச்சியில் பனி விழும். என் காரோ பின்சக்கரம் தள்ளுகிற வேகக் கார். ஓய்வுபெற்ற அன்று எனக்கு நானே வாங்கிக் கொடுத்த பரிசு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கல்யாணம் முடிந்த கையோடு அவளும் மாப்பிள்ளை ஒத்ஸோவும் லிஸ்பனுக்குக் குடிபோகிறார்கள். அங்கே பனியே விழாதாம். சானா ஹெல்சிங்கியில் இருந்தவரை ஒவ்வொரு அக்டோபரும், பனிக்கால டயர் மாட்டும் நேரத்தில், நான் போன் செய்வேன். “டயர் மாத்தியாச்சா?” என்பேன். “மாத்தியாச்சுப்பா” என்பாள். “சரி, அம்மாகிட்ட குடுக்கறேன்” என்பேன். இத்தனை வருஷமாக நாங்கள் பேசியது அவ்வளவுதான். பனியில்லாத ஊரில் இருக்கிற பெண்ணிடம் ஒரு தகப்பன் என்ன பேசுவது? இதற்கு உங்கள் அட்டவணையில் ஒரு வரிகூட இல்லை.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாப்பாட்டு மேசையில் உங்கள் அட்டவணை, சவுனா என்கிற நீராவிக் குளியலறைக்குள்ளும் உங்கள் அட்டவணை. வியர்வையில் மை கரைந்து, ஈரத்தில் முதலிடம் பிடித்த டயர் என் தொடையில் ஒட்டிக்கொண்டது. “ஏங்க, கல்யாணம் பொண்ணுக்கா, டயருக்கா?” என்றாள் ரைலி. கடைசியில் எனக்கு ஒரு யோசனை உதித்தது. இரண்டு முதலிடத்தையும் வாங்கிவிட்டால் என்ன? ஈரத்து வீரனை முன்னால் இரண்டு, பனி வீரனைப் பின்னால் இரண்டு. மாட்ட வந்த ரைலியின் தம்பி பென்ட்டி அப்படியே நின்றுவிட்டான்.

“அத்தான், ஒரு கால்ல செருப்பு, ஒரு கால்ல பூட்ஸா?”

“ரெண்டும் முதலிடம்டா. பேசாம மாட்டு.”

அந்தச் சனிக்கிழமை மழை பெய்துகொண்டிருந்தது. ரைலியும் மற்றவர்களும் முன்னாலேயே போய்விட்டார்கள். குன்றின் கீழ்ப்பாதியில் முன்சக்கரங்கள் சாலையைக் கவ்வின, பின்சக்கரங்கள் நாய் வாலை ஆட்டுவது போல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடின. சானா கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மேல்பாதியில் மழை பனியாக மாறியது. இப்போது பின்சக்கரங்கள் உற்சாகமாகத் தள்ளின, முன்சக்கரங்கள் திரும்ப மறுத்தன, நான் ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடிக்க ஒடிக்கக் கார் நேராகப் போய் வளைவில் ஒதுக்கி வைத்திருந்த பனிக்குவியலுக்குள் மூக்கை நுழைத்தது, மேலே தேவாலய மணி அடிக்க ஆரம்பித்தது, அவளுக்கோ பட்டுச் செருப்பு, வெளியே கணுக்கால் அளவு சேறும் பனியும், என் போன் வீட்டில் உங்கள் அட்டவணைமேல் கிடக்கிறது.

“அப்பா, வேணும்னே பண்ணினியா?”

“இல்லம்மா, டயர். ஈரத்துல முதல்ல வந்தது முன்னாடி, பனியில முதல்ல வந்தது...”

“டயரை விடுப்பா. நான் போறது உனக்குக் கஷ்டமா இருக்கா?”

ஆசிரியர் அவர்களே, எங்கள் வீட்டில் யாரும் யாரையும் இப்படிக் கேட்டதில்லை. நான் வைப்பரை நிறுத்தினேன். “ஆமா” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். கண்ணாடி மெல்ல வெள்ளையாக மூடிக்கொண்டு வந்தது. அவள் என் கைக்குட்டையை வாங்கி மூக்கைச் சிந்திவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள், எனக்கும் அது தேவைப்பட்டது. பிளாஸ்க்கில் இருந்த காபியை ஒரே மூடியில் மாற்றி மாற்றிக் குடித்தோம். அப்புறம், எங்களை இன்னும் காணோமே என்று தேடிக்கொண்டு பென்ட்டி டிராக்டரோடு வந்து, “அத்தான், காரை விடு, பொண்ணை ஏத்து!” என்று கத்தினான். மணப்பெண் ஓடிவிட்டாள் என்றே நினைத்து வாசலில் வெளிறி நின்ற ஒத்ஸோவிடம் என் மகள் போய்ச் சேர்ந்தது, எந்த அட்டவணையிலும் நீங்கள் போடாத டயரில்.

இத்தனை மனவேதனைக்கும் காரணமான இதழை இனி என் வீட்டு வாசலில் பார்க்க விரும்பவில்லை. தங்கள் குடும்பத்தார் நீண்ட ஆயுளோடும் நாலு ஒரே மாதிரி டயர்களோடும் வாழ வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் முன்னாள் சந்தாதாரர்
வெய்க்கோ ஹுட்டினென்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் லிஸ்பனிலிருந்து சானா போன் செய்தாள். அம்மாவைக் கூப்பிடச் சொல்லவில்லை. “அப்பா, இங்க ஒரே மழை. மேடும் பள்ளமுமா கல்லு பாவின ரோடு, வழுக்குது. இதுக்கு எந்த டயர் நல்லது?” என்றாள். நான் விளக்கமாகச் சொன்னேன். காபி ஆறி, ரைலி மறுபடி சுடவைத்து, அதுவும் ஆறும்வரை சொன்னேன். அவள் நடுவில் நடுவில் கேள்வியும் கேட்டாள். போனை வைத்ததும் ரைலி என்னையே பார்த்தாள். “அவங்ககிட்ட ஏதுங்க காரு? டிராம்லதானே போறாங்க?” என்றாள்.

ஆகவே சந்தாவை நிறுத்த வேண்டாம். ஈரச் சாலைப் பக்கத்தை மட்டும் இனிமேல் கொஞ்சம் விரிவாகப் போடுங்கள்.