குடிநீர் இயந்திரத்துக்கு ஒரு நன்றியுரை

அன்புள்ள மச்சானுக்கு,

நீயும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையோடு, இங்கே நாங்கள் அப்படி இல்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். உன் செருப்புக் கடைக்கு ஆள் வேண்டும் என்றாயே, அந்த இடத்தை என் மகளுக்கு ஒதுக்கி வை. அவள் படிப்பு நேற்று மதியம் மூன்றரை மணிக்கு முடிந்துவிட்டது.

நடந்ததைச் சொல்கிறேன். அவள் கல்லூரிக்குப் பெரிய நன்கொடையாளர் ஒரு பெயிண்ட் கம்பெனி முதலாளி. இவள் படிப்புச் செலவும் அவருடையது, வராந்தாவில் நிற்கும் குடிநீர் இயந்திரமும் அவருடையது. இயந்திரத்தில் குழாய் சிறியது, அவர் பெயர் பெரியது. நேற்று அவருக்கு நன்றி சொல்லும் விழா. அதற்கென்றே ஒரு நல்லுறவு அலுவலர் இருக்கிறார், அந்த அம்மாதான் மகளுக்கு உரை எழுதிக் கொடுத்து, எந்த வரியில் குரல் தழுதழுக்க வேண்டும் என்று பென்சிலால் கோடும் போட்டிருந்தார். நான் போனதும் என்னை மேலும் கீழும் பார்த்து, "என்ன சார், சட்டை இவ்வளவு கச்சிதமா இருக்கு? ஏழைக் குடும்பம்னு உரையில போட்டிருக்கேனே" என்றார். "நான் டெய்லர்மா, என் சட்டையை நானே தைக்கிறேன்" என்றேன். "காலரையாவது கொஞ்சம் கசக்கிக்குங்க" என்றார். கசக்கிக்கொண்டேன் மச்சான். முப்பது வருஷம் தைத்த கையால், நானே வைத்த காலரை, நானே கசக்கினேன்.

மகளை மேடைக்குக் கூப்பிட்டார்கள். முதலாளி முன் வரிசையில் அதே இயந்திரத்துத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தார். இவ பென்சில் கோடு போட்ட தாளை மடிச்சு வெச்சுட்டு, பையிலிருந்து மூடி போட்ட ஒரு கண்ணாடித் தட்டை எடுத்தா. நான் ஏதோ பரிசுப் பொருள்னு நெனச்சேன். "ஐயா உதவியால நான் நுண்ணுயிரியல் படிக்கிறேன். தினமும் தொடுற ஒரு பொருளைச் சோதிச்சுப் பாருங்கன்னு எங்க டீச்சர் சொன்னாங்க. நான் ஐயா கொடுத்த இயந்திரத்துத் தண்ணியச் சோதிச்சேன். ரெண்டே நாள்ல இவ்வளவு கிருமி வளர்ந்திருக்கு"ன்னு தட்டைத் தூக்கிக் காட்டுறா! தட்டு முழுக்க மஞ்சளும் வெள்ளையுமாப் புள்ளி. முன் வரிசையில ஒவ்வொரு டம்ளரா கீழ இறங்குது. காலேஜ் முதல்வர் வாயில இருந்த தண்ணிய முழுங்கவும் முடியாம, துப்பவும் முடியாம கன்னத்துலயே வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கார். இவ விடுவாளா? "மிஷின் நல்ல மிஷின்தான், மூணு வருஷமா ஃபில்டரைத்தான் யாரும் மாத்தல"ன்னு பத்து நிமிஷம் விளக்கிட்டு, கும்பிட்டுட்டு இறங்கினா. யாரும் கைதட்டல. நான் தட்டினேன், பழக்க தோஷம், பாதியிலயே நிறுத்திட்டேன்.

நல்லுறவு அம்மா வாசலில் என்னை மடக்கி, "அடுத்த வருஷ உதவித்தொகையை மறந்துடுங்க" என்றார். வழியெல்லாம் மகளைத் திட்டினேன். "நீ அளவு தப்பா எடுத்தா, நல்லா இருக்குன்னு சொல்லித் தப்பாவே வெட்டுவியாப்பா?" என்று கேட்டாள். அதற்கும் சேர்த்து இன்னும் கொஞ்சம் திட்டினேன். உன் அக்கா நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை. மகள் செய்ததற்கு என்மேல் எதற்குக் கோபம் என்று கேட்கவும் பயமாக இருக்கிறது.

ஆகவே திங்கட்கிழமை அவளை அனுப்பிவைக்கிறேன். கடையில் எதையும் சோதிக்க விடாதே. உன் வியாபாரம் பெருகவும், பிள்ளைகள் நன்றாகப் படிக்கவும், ரொம்பவும் படித்துவிடாமல் இருக்கவும் என் ஆசிகள்.

இப்படிக்கு,
காலர் கசங்கிய உன் அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் என் தையல் கடை வாசலில் கார் வந்து நின்றது. முதலாளியேதான். மிரண்டு எழுந்தேன். அவர் என்னைக் கவனிக்கவே இல்லை. "பதினோரு வருஷமா அந்தக் காலேஜ்லேருந்து எனக்கு நன்றி வருதும்மா. தகவல் வந்தது நேத்துதான்" என்றார், பக்கத்தில் பித்தான் தைத்துக்கொண்டிருந்த மகளிடம். படித்து முடிக்கும்வரை செலவு அவருடையதாம். நீ வேறு ஆளைப் பார்த்துக்கொள், திங்கட்கிழமை இவளுக்கு வகுப்பு இருக்கிறது. புது ஃபில்டரும் வாங்கித் தருகிறாராம். "அதுல பேரை எங்கம்மா போடலாம்?" என்று கேட்டார். "பேர் வேண்டாம் ஐயா, மாத்தின தேதியைப் போடுங்க" என்றாள். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் மும்முரமாக ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன்.