போலந்து ஓவியரும் பெட்ரூம் சுவரும்

ஓவியத்தைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்களில் இரண்டு வகை உண்டு. தெரியாது என்று சொல்லிவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போகிறவர்கள் ஒரு வகை. கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் இன்னொரு வகை. நான் இரண்டாம் வகையில் இருந்தபோதுதான் நித்யா அறிமுகமானாள்.

நித்யா பெங்களூர் மர்பி டவுனில் பிறந்து வளர்ந்தவள். ஒரு கம்பெனியில் டிசைனர். நான் திருப்பத்தூரிலிருந்து பெங்களூர் வந்து சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை பார்ப்பவன். அதாவது, அடுத்தவர் செய்த தப்பைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவன். (என் தப்பை யாரும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. அதுவே வந்து நிற்கும்.) இரண்டு வீட்டுக்கும் பிடித்துப்போனதால் பேசிப் பார்க்கச் சொல்லி நம்பர் கொடுத்திருந்தார்கள். முதல் சில நாட்கள் டிராஃபிக்கைப் பற்றிப் பேசினோம். இந்த ஊரில் அதை வைத்தே ஒரு கல்யாணத்தை முடித்துவிடலாம் என்று நம்பியிருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் தனக்குப் பிடித்த ஓவியங்களை வரிசையாக அனுப்பினாள். மழையில் நனைந்த தெரு ஒன்று, வாட்டர் கலரில். மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்த ஜப்பானிய அலைகள். ஒரே கோட்டில் வரைந்த பூனை. ஒவ்வொன்றும் ஏன் பிடிக்கும் என்று ஒரு வரி. கடைசியில், “உங்களுக்குப் பிடிச்ச ஆர்ட்டிஸ்ட் யாரு? எந்த ஸ்டைல் பிடிக்கும்?” என்று கேட்டிருந்தாள்.

எனக்குத் தெரிந்த ஒரே ஸ்டைல், இரண்டு மலைக்கு நடுவில் சூரியன். அதை வரைந்த ஆர்ட்டிஸ்டும் நான்தான், நான்காம் வகுப்பில். இணையத்தில் தேடியதில், அப்ஸ்ட்ராக்ட்தான் பாதுகாப்பானது என்று புரிந்தது. அதில் என்ன வரைந்திருக்கிறது என்று யாரும் குறுக்குக் கேள்வி கேட்க முடியாது. போலந்து நாட்டு ஓவியர் ஒருவரைத் தேர்ந்தெடுத்தேன். அவர் பெயரில் உயிரெழுத்தே இல்லாத மாதிரி இருந்தது. உச்சரிக்கச் சொல்லி அவளும் கேட்கமாட்டாள். பழுப்பும் கரும்பச்சையும் நடுவில் கொஞ்சம் மஞ்சளுமாக அவர் வரைந்த படம் ஒன்றை போனில் இறக்கிக்கொண்டேன்.

அதே நேரத்தில் எனக்கு இன்னொரு பிரச்சினையும் ஓடிக்கொண்டிருந்தது. லிங்கராஜபுரத்தில் நான் குடியிருந்த வாடகை வீட்டின் பெட்ரூம் சுவரில், மேல்வீட்டு பாத்ரூமிலிருந்து தண்ணீர் இறங்கி ஓதம் பிடித்திருந்தது. பக்கத்துத் தெருவிலிருந்த ஹவுஸ் ஓனர் பிலோமினா ஆன்ட்டியிடம் எத்தனை முறை சொன்னாலும், வெயில் வந்தால் காய்ந்துவிடும் என்பார். அன்று காலை ஆதாரத்துக்காகச் சுவரைப் படம் எடுத்து வைத்திருந்தேன்.

இரண்டு படங்களையும் ஒரே மூச்சில் அனுப்பினேன். என்ன நடந்தது என்று உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். எனக்குத் தெரிவதற்கு ஒரு வாரம் ஆனது.

ஓதம் பிடித்த சுவர் நித்யாவுக்குப் போனது, ‘எனக்கு மிகவும் பிடித்தது. இதைப் பார்த்தால் மனதை என்னவோ செய்கிறது’ என்ற வாசகத்தோடு. போலந்து ஓவியம் பிலோமினா ஆன்ட்டிக்குப் போனது, ‘நாளுக்கு நாள் மோசமாகிக்கொண்டே போகிறது. தயவுசெய்து வந்து பாருங்கள்’ என்ற வாசகத்தோடு. அனுப்பிய பிறகு இரண்டையும் திறந்து பார்த்தேன் என்பதுதான் இதில் வேதனை. எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

ஆன்ட்டி அப்போது கோலாரில் மகள் வீட்டில் இருந்தார். “ஏசுவே” என்று மட்டும் பதில் வந்தது. நித்யாவிடமிருந்து நீளமாக வந்தது. ஓரத்தில் அந்த வெள்ளை உரிந்து நிற்கிறதே, அப்படியே விட்டுவைக்க ஒரு தைரியம் வேண்டும் என்று எழுதியிருந்தாள். ஆர்ட்டிஸ்ட் பெயர் கேட்டாள். போலந்துக்காரரின் பெயரை காப்பி செய்து அனுப்பினேன். அவருடைய மற்ற படங்களைத் தேடிப் பார்த்துவிட்டு, இது எங்குமே கிடைக்கவில்லை, எங்கிருந்து பிடித்தீர்கள் என்றாள். தேடினால் கிடைக்கும் என்று அடக்கமாகச் சொன்னேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நித்யா தன் அப்பா அம்மாவோடு என் வீட்டைப் பார்க்க வந்தாள். துவைக்காத துணி, காலி பீட்சா அட்டைகள், உடைந்த நாற்காலி எல்லாவற்றையும் பெட்ரூமுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தியிருந்தேன். ஹாலில் நிப்பட்டும் காப்பியும் வைத்தேன். நித்யா தன் போனை அப்பாவிடம் நீட்டி, இவருக்குப் பிடித்த ஓவியம் என்று காட்டினாள். அவர் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், மாட்டிக்கொண்டு பார்த்தார். “சென்னாகிதெ,” என்றார் கன்னடத்தில், நன்றாக இருக்கிறது என்று. ஆழமான பையன் என்று அவர் முடிவுக்கு வந்துகொண்டிருப்பது முகத்தில் தெரிந்தது. நானும் ஆழமாக உட்கார்ந்துகொண்டேன்.

அப்போது பிலோமினா ஆன்ட்டி உள்ளே வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கையில் போன்.

“தம்பி, அந்த செவுரு எங்க? போட்டோ பாத்ததுலேந்து எனக்குத் தூக்கமே இல்ல. மஞ்சளா வேற ஊறியிருக்கு. மேல் வூட்ல என்னாதான் ஊத்துறாங்க?”

போனை எல்லோருக்கும் காட்டினார். நித்யா அதைப் பார்த்தாள். பிறகு தன் போனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் நிப்பட்டைப் பார்த்தேன்.

தடுப்பதற்குள் ஆன்ட்டி பெட்ரூம் கதவைத் திறந்துவிட்டார். துணிமூட்டை ஒன்று அவர் காலடியில் வந்து விழுந்தது. அதைத் தாண்டி எல்லோரும் உள்ளே போனார்கள். எதிர்ச் சுவரில் நித்யாவுக்குப் பிடித்த ஓவியம் முழு அளவில் இருந்தது. ஓரத்து வெள்ளை, தைரியமாக உரிந்து நின்றது.

நித்யாவின் அப்பா கிட்டே போய் விரலால் மெல்லத் தொட்டார். ஒரு துண்டு காரை அவர் கையோடு வந்தது. அதைத் திருப்பிப் பார்த்தார்.

“ஒரிஜினல்தான்,” என்றார்.

நித்யாவின் அம்மா மட்டும், இந்த ஓதத்தில் தினமும் படுத்தால் நெஞ்சில் சளி கட்டாதா என்று கவலையோடு விசாரித்தார். ஆன்ட்டி, போட்டோவில் இருந்த அளவுக்கு மோசமில்லை என்று நிம்மதியடைந்து, வெயில் வந்தால் காய்ந்துவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார். மற்றவர்களும் கிளம்பினார்கள். நித்யா திரும்பிக்கூடப் பார்க்காமல் போனாள். முகம் வெளுத்திருந்தது. இந்தச் சம்பந்தம் போயிற்று என்று திருப்பத்தூருக்கு போன் செய்து சொல்லிவிட்டேன். அம்மா அழுதார். அப்பா, ஒரு போட்டோகூட ஒழுங்காக அனுப்பத் தெரியாதவனுக்கு யார் இன்ஜினீயர் பட்டம் கொடுத்தது என்று விசாரித்தார்.

மறுநாள் நித்யாவே கூப்பிட்டாள்.

“ஒரு விஷயம் சொல்லணும். அந்தப் படத்தை ஆபீஸ்ல பெரிய ஸ்க்ரீன்ல போட்டு, டெக்ஸ்சர் பத்தி எங்க டீமுக்கே கிளாஸ் எடுத்துட்டேன். எங்க மேனேஜர் நோட்ஸ் எடுத்தார்.”

போனை மறு காதுக்கு மாற்றினேன். அவளே தொடர்ந்தாள்.

“இது வெளிய தெரிஞ்சா என் மானம் போயிடும். தெரிஞ்ச வெளியாள் நீங்க ஒருத்தர்தான். உங்கள வெளியாளா விட்டுவைக்கிறது ரிஸ்க்.”

அவள் சிரிக்க ஆரம்பித்து வெகுநேரம் நிறுத்தவில்லை. அந்த வருஷமே கல்யாணம் நடந்தது. பிலோமினா ஆன்ட்டி வந்து வாழ்த்திவிட்டு, சாப்பாட்டுப் பந்தியில் என் மாமாவுக்கு அந்தப் போலந்து ஓவியத்தைக் காட்டி, மேல்மாடி பாத்ரூமை ஒழுங்காகக் கட்டாவிட்டால் இந்தக் கதிதான் என்று எச்சரித்தார். மாமா பயந்துபோனார்.

இப்போது நித்யாவின் சொந்தத்தில் யார் வீட்டில் ஓதம் பிடித்தாலும், பிளம்பருக்கு முன்னால் படம் எனக்கு வந்துவிடுகிறது. “மாப்பிள்ளை, இது யாரோடது?” என்று கேட்பார்கள். நான் நாட்டையும் ஸ்டைலையும் சொல்ல வேண்டும். சொல்லும்வரை குடும்ப வாட்ஸப் குழுவில் விடமாட்டார்கள். போன மழைக்கு நீலசந்திராவிலிருந்து நித்யாவின் சித்தப்பா தன் சமையலறைக் கூரையை அனுப்பியிருந்தார். ஏதோ வாயில் வந்ததை, முதிர்ந்த கைவண்ணம், தொடாமல் விட்டால் இன்னும் மெருகேறும் என்று எழுதிவிட்டேன். அவர் இன்றுவரை கொத்தனாரைக் கூப்பிடவில்லை. சாம்பாரில் காரை விழும்போதெல்லாம் மாப்பிள்ளை சொன்னதைச் சொல்லிக் காட்டுகிறாராம். சித்தி என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார்.