வைரல் சித்தரும் ஒற்றைச் செருப்பும்

தையற்கடை வாசலில் தொடங்கிய வரிசை, மருந்துக்கடையையும் தாண்டி வளைந்து நின்றது. ஒவ்வொருவர் கையிலும் ஒரு கைப்பேசி. எல்லாத் திரைகளும் வடகிழக்கு நோக்கி. வரிசையின் முனையில், சுழல்நாற்காலியில், மடியில் ஒரு டேப்லெட்டுடன் வைரல் சித்தர் வீற்றிருந்தார். இணையத்தை ஆளும் அல்காரிதம் தினமும் தம் கனவில் வந்து பேசுகிறது என்று அவர் அறிவித்திருந்தார். எந்த மொழியில் பேசுகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

கூட்டம் கூடிய காரணம் சிறியதன்று. அரசு மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவை மூடப் போகிறார்கள். வெள்ளிக்கிழமை கருத்துக்கேட்புக் கூட்டம். தையற்காரரின் மனைவிக்கு வாரம் இருமுறை அங்கேதான் இரத்தம் சுத்திகரிக்கப்படுகிறது. அடுத்த மருத்துவமனைக்கு மூன்று பேருந்து மாற வேண்டும். எனவே சமூக ஊடகத்தில் குரல் எழுப்பலாம் என்று தெருவார் முடிவு செய்தனர். அதுவரை அறிவு வேலை செய்தது.

"கோரிக்கையை வெளிப்படையா எழுதினா அல்காரிதம் மிரண்டுரும்" என்றார் சித்தர். "ஆஸ்பத்திரி பேரு, தேதி எதுவும் வரக்கூடாது. ஒரு பூ படம். கீழ 'நாங்கள் இருக்கிறோம்'. நான் தொட்டுக் குடுத்த உறையில போனை வெச்சு, மூச்சை அடக்கிக்கிட்டுப் போடுங்க."

உறைக்குத் தனிக் கட்டணம். மூச்சு இலவசம்.

கிணற்றில் தெரிந்த நிலாவை நரியொன்று குரங்குகளுக்கு ஏலம் விட்டால் எப்படியோ, அப்படி நடந்தது வியாபாரம். தையற்காரரும் உறை வாங்கினார். முகம் சிவக்க மூச்சை அடக்கினார். ரோஜாப் படம் ஏறியது. அரை மணியில் பன்னிரண்டாயிரம் விருப்பக்குறிகள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்கு ஓடினார்.

"பாத்தியா, பன்னெண்டாயிரம் பேரு உனக்காக நிக்கிறாங்க."

ஊசி குத்திய இடத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்து பார்த்தாள். "எதுக்கு நிக்கிறோம்னு அவங்களுக்குத் தெரியுமா?"

"அதைத்தான் சொல்லக்கூடாதுன்னாரே."

"என்ன நோவுன்னே தெரியாம வைத்தியம் பாக்க வந்திருக்காங்களா? குடுங்க போனை."

அவள் ஒரு படத்தைப் பதிவேற்றிவிட்டு, நேரே சித்தரிடம் சென்றாள். "ஐயா, இன்னொரு பதிவுக்கு அருள் வேணும். படத்தை அப்புறம் காட்டுறேன்."

"தாராளமா, தாயி" என்றார் சித்தர். அவர் விரல் டேப்லெட்டைத் தடவியது.

அரை மணி கழிந்தது. பன்னிரண்டாயிரம் விருப்பக்குறிகள். அவள் திரையைத் தூக்கிக் காட்டினாள். கணவரின் அறுந்துபோன ஒற்றைச் செருப்பு! அதற்குக் கீழே வந்திருந்த பின்னூட்டங்களை வரிசை கேட்கும்படி வாசித்தாள்: "'கண்ணீர் வந்துவிட்டது.' 'உங்கள் போராட்டம் வெல்லும்.' 'அழகோ அழகு.'"

தையற்காரர் தம் கால்களைப் பார்த்துக்கொண்டார்.

"இந்தப் படத்துக்குக் கீழ ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கேன்" என்றாள். "இது எந்தக் காலுச் செருப்பு?"

"இடது கால். இங்கேருந்தே தெரியுதேக்கா" என்றார் முடிதிருத்துபவர்.

பன்னிரண்டாயிரம் பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. 'நாங்கள் இருக்கிறோம்' என்றுமட்டும் நானூறு பேர் பதிலளித்திருந்தனர்.

கைப்பேசி பழுதுபார்ப்பவர் சித்தரின் டேப்லெட்டைத் திருப்பினார். 'விருப்பக்குறிகள் மொத்த விற்பனை' என்றிருந்தது. "இதெல்லாம் மெஷின் கணக்கு. ஆளே கிடையாதுங்க."

"அருளையும் எங்கேயாவது கொள்முதல் பண்ணித்தானே ஆகணும்" என்றார் சித்தர். சொன்னவர், நாற்காலியைச் சக்கரத்தோடு தள்ளிக்கொண்டே நடையைக் கட்டினார்.

அன்று மாலை அவளே எழுதிப் போட்டாள்: 'வெள்ளி காலை பத்து மணி, அரசு மருத்துவமனை முதல் மாடி. டயாலிசிஸ் பிரிவை மூடினால் எங்கள் தெருவில் ஒன்பது பேருக்குச் சிகிச்சை இல்லை. அதில் ஒருத்தி நான். நேரில் வந்து சொல்லுங்கள்.'

விருப்பக்குறிகள் அறுபத்தொன்று. வெள்ளிக்கிழமை வந்தவர்கள் எண்பது பேர். போட்டிருந்த முப்பது நாற்காலிகள் போதாமல் அதிகாரி தம் நாற்காலியையும் ஒரு நோயாளிக்குக் கொடுத்துவிட்டு, நின்றபடியே கேட்டார். ஒன்பது பேரும் பேசி முடித்தபோது, பிரிவை மூடும் யோசனை கைவிடப்பட்டது.

படியிறங்கும்போது மருந்துக்கடைக்காரர் பெருமூச்சு விட்டார். "அறுபத்தோரு லைக்குக்கே இப்படின்னா, அந்தப் பன்னெண்டாயிரமும் கூட வந்து உக்காந்திருந்தா?"

"உக்கார இடுப்பு வேணுமேய்யா அதுக்கு" என்றார் தையற்காரர்.

விருப்பக்குறி இட விரல் போதும். எதற்கு என்று கேட்கத்தான் தலை வேண்டும். அது எல்லாருக்கும் கழுத்துக்கு மேலேயே இருக்கிறது. அவ்வப்போது தொட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது.